கரையேறிய பின் ஒரு நாள்

ஏ.எஸ்.ராவ் நகர்,
ஹைதராபாத்.
11-4-2010, ஞாயிறு

சிரஞ்சீவி ஹர்ஷாவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை அதுபாட்டுக்கு எழுதிவிடும், ஆனால் இந்தத் தடவை பாதி சௌக்கியம் என்று வைத்துக்கொள். நீயும் ப்ரியாவும் பிரிஸ்பேனில் முழு சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லக் கூடாதா, மெயில் போடக் கூடாதா என்று நீ கேட்பாய். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து சரிப்பா சரிப்பா என்று முடித்துவிடுகிறாய். மெயிலில் இங்கிலீஷில் எழுதினால் நான் முப்பத்து மூன்று வருஷம் கம்பெனியில் எழுதிய மெமோ மாதிரியே வருகிறது, தமிழில் தட்ட விரல் பழகவில்லை. அதனால் கூரியரில் அனுப்புகிறேன், மாதக் கடைசி லீவில் நீ கெய்ன்ஸுக்குக் கிளம்புவதற்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும். அவசரமாகப் படிக்காதே, உட்கார்ந்து படி.

வெயில் இந்த வருஷம் ஏப்ரலிலேயே மண்டையைப் பிளக்கிறது. மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை, சாயங்காலம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. தெலங்கானா பந்த் என்று நடுநடுவே கடைகளை மூடிவிடுகிறார்கள், அதனால் அரிசி பருப்பை முன்னாலேயே வாங்கி வைக்கப் பழகிவிட்டேன். புதன்கிழமை வருஷப் பிறப்பு, நமக்கு இந்த வருஷம் பண்டிகை கிடையாது, ஆனாலும் மாங்காய்ப் பச்சடியாவது கொண்டுவந்து தருகிறேன் என்று சுஷ்மா சொல்லியிருக்கிறாள். கொண்டாபூரில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து இங்கே வர அவளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, வேண்டாம் என்றால் கேட்பதில்லை. அவள் குழந்தை ஸ்ரேயா என்னோடு தமிழில் பேசவே மாட்டேன் என்கிறாள், நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்கிறாள், சாதம் ஊட்டப் போனால் வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அதை எந்த ஆட்டோக்காரனிடம் கற்றுக்கொண்டாளோ. பால்காரனிடம் இனிமேல் ஒரு பாக்கெட் போதும் என்று சொல்ல எனக்கு ஜனவரி வரை ஆனது. அதுவரை தினம் ஒரு பாக்கெட்டை வாட்ச்மேன் வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா இருந்தால் திட்டியிருப்பாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆஞ்சியோவில் மூன்று அடைப்பு என்று சொன்னது உனக்குத் தெரியும். பைபாஸ் செய்துகொள்ளத்தான் வேண்டும் என்கிறார் டாக்டர். அடுத்த மாதம் அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது, வருஷாப்தீகம் முடியட்டும், அப்புறம் வந்து படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன், அவரும் தலையாட்டினார். எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய், ஆனால் தூக்கம் கெடுகிற அளவுக்குப் பயமில்லை. என் தூக்கத்தைக் கெடுத்தது நீ போன ஞாயிற்றுக்கிழமை சொன்ன வார்த்தைதான். நான் அடைப்பைப் பற்றிச் சொன்னதும், அப்பா, இன்னொரு தடவை அப்படி ஒரு போன் வந்தா நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன், ஈர டிரெஸ்ஸோட ஏர்போர்ட்டுக்குப் போயிடுவேன் என்றாய். நான் அப்போது பேச்சை மாற்றிவிட்டேன், சுஷ்மா பக்கத்தில் இருந்தாள். மறுநாள் ப்ரியா போன் செய்தாள். உன்மேல் புகார் சொல்ல இல்லை, பாவம், அழுதாள். நீ திரும்பவும் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போக ஆரம்பித்திருப்பதில் அவளுக்கு வருத்தம் இல்லையாம். ஆனால் முன்னைப் போல இல்லை மாமா, கீழே போன கொஞ்ச நேரத்திலேயே சட்டுனு மேலே வந்துடறார், நடுவுல நிக்கறதே இல்லை, கூட வந்தவங்களை விட்டுட்டு வந்துடறார், படகுல ஏறினதும் எனக்கு ஏதாவது போன் வந்ததான்னுதான் முதல்ல கேக்கறார் என்றாள். ப்ரியாவைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் சொல்லாமல் இருந்திருந்தால்தான் தப்பு.

ஹர்ஷா, அந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூடப் பேசவில்லை. நீ வந்தாய், குளித்தாய், பூணூலை மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் காரியங்களைச் செய்தாய், பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் திரும்பிப் போய்விட்டாய். இப்போது எழுதிவிடுகிறேன். அன்று காலை அம்மா காய் நறுக்கிக்கொண்டே கீழே சாய்ந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. சுஷ்மா ப்ரியாவுக்குச் சொல்லி, ப்ரியா படகுக் கம்பெனிக்குச் சொல்லி, அவர்கள் நடுக்கடலில் இருந்த உன் படகுக்குச் சொல்லி, நீ தண்ணீரிலிருந்து வெளியே வந்தபோதுதான் உனக்குத் தெரிந்தது. மூன்று நாளாகத் தினமும் மூன்று நான்கு தடவை கீழே போயிருக்கிறாய், ஒரு நாள் முழுக்கக் கழியாமல் விமானம் ஏறக் கூடாது என்று அந்த டைவ் லீடர் அம்மாள் உன்னைத் தடுத்தாள். கரைக்கு வந்ததும் நீ எனக்குப் போன் செய்து அழுதாய், நான் கேக்க மாட்டேன்பா, கிளம்பறேன் என்றாய். ஏறாதே, அங்கேயே இரு, அந்த அம்மாள் சொல்கிறபடி செய் என்று நான் சொன்னேன். சொன்னவன் நான். இதை நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். இங்கே செகந்திராபாத்திலிருந்து ஐஸ் பெட்டி வந்திருந்தது, மே மாத வெயில், கரண்ட் போய்ப் போய் வந்தது, பெட்டிக்காரப் பையன் ஒவ்வொரு தடவையும் என் முகத்தையே பார்த்தான். நீ வந்து சேர மூன்றாவது நாள் ஆகும் என்று தெரிந்தது. பிள்ளை வராமல் எடுக்கலாமா என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குக் கொள்ளி வைக்க எனக்கு உரிமை இல்லையா என்ன. வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டார், வைத்துவிட்டேன்.

உன் சீனு மாமா சொன்னதுதான் உன் மனதில் முள்ளாக நிற்கிறது, எனக்குத் தெரியும். பெத்தவளுக்குக் கொள்ளி வைக்கறதை விட ஒரு நாள் ரெஸ்ட் எடுத்துக்கறது பெரிசாப் போச்சா என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார். நீ வேஷ்டியை மடித்துக்கொண்டிருந்தாய். நான் அப்போதே சொன்னேன், சீனிவாசா, அவனை நிற்கச் சொன்னது நான் என்று. அது உன் காதில் விழுந்ததோ இல்லையோ. அவருக்கு இன்றுவரை புரியவில்லை. கடல்ல குளிச்சவன் ப்ளேன்ல ஏறக் கூடாதுன்னு எந்த ஊர் சட்டம் அத்திம்பேர் என்று போன மாதம்கூடக் கேட்டார். ஒரே அக்காவைப் பறிகொடுத்தவர், துக்கம் யார் மேலாவது விழ வேண்டும், உன் மேல் விழுந்தது. அவரை மன்னித்துவிடு, ஆனால் அவர் சொன்னதை நம்பாதே.

நம்பாதே என்று சும்மா சொல்லவில்லை, விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். சைனிக்புரியில் தேவசகாயம் என்று ஒருவர் இருக்கிறார், தூத்துக்குடிக்காரர், நேவியில் டைவராக இருந்து ரிடையர் ஆனவர், காலையில் பார்க்கில் என்னோடு நடப்பார். அவரிடம் உன் கதையைச் சொன்னேன். சிலிண்டர் காற்றை ஆழத்தில் சுவாசிக்கும்போது அதில் இருக்கிற நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து போய்விடுகிறது, மெதுவாக மேலே வந்தால் அது மூச்சோடு மூச்சாக வெளியே போய்விடும், அவசரப்பட்டு வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும் என்று விளக்கினார். சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் பொங்குகிறதே அது மாதிரி. மேலே வந்த பிறகும் மிச்சம் கொஞ்சம் உள்ளே இருக்குமாம், விமானத்தில் காற்றழுத்தம் குறைவு, அங்கே போய்ப் பொங்கினால் மூட்டுவலியோடும் போகலாம், முதுகுத்தண்டில் பட்டால் கால் விழுந்தும் போகலாம், உயிரும் போகலாம். நான் டெஸ்டிங் பிரிவில் இருந்தவன், பிரஷர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், ஆனால் இதை ஒரு மனுஷ உடம்புக்குள் வைத்து நினைத்துப் பார்த்தபோது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தேவசகாயம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒங்க மவன் ஏறியிருந்தா நீங்க ரெண்டு பேருக்கில்லா காரியம் செஞ்சிருப்பீய என்றார். அவர் பேச்சு அப்படித்தான், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுவார்.

அதற்கப்புறம் தினமும் நடக்கும்போது அவரைக் கேள்வி கேட்டுக் கேட்டுத் துளைத்துவிட்டேன். நூற்றுக்கணக்கில் டைவ் செய்தவனுக்கு நீச்சல்கூடத் தெரியாத அப்பன் புத்தி சொல்கிறான் என்று சிரிக்காதே, சிரித்தாலும் பரவாயில்லை, படித்துவிட்டுச் சிரி. முதலாவது, தனியாகப் போகாதே, துணையோடு போனால் துணையோடுதான் வர வேண்டும். எங்கள் கம்பெனியில் இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பெட்டியும் வெளியே போகாது, முதல் ஆள் கெட்டிக்காரன் இல்லை என்பதனால் இல்லை, எந்தக் கெட்டிக்காரனுக்கும் ஒரு நாள் கண் தப்பும் என்பதனால். இறங்குவதற்கு முன்னால் உன் சிலிண்டரைத் துணைக்கு வருகிறவரும் அவர் சிலிண்டரை நீயும் பார்க்க வேண்டும், காற்று திறந்திருக்கிறதா, பெல்ட்டுகள் சரியா, இடுப்பில் கட்டுகிற ஈயக்கட்டி அளவாக இருக்கிறதா என்று. ஈயம் அதிகமானால் கீழே உடம்போடு மல்லுக்கட்டியே காற்றெல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார் தேவசகாயம். ஜலதோஷம் இருந்தால் இறங்கவே கூடாது, மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது அதைவிட மோசம், பாதியில் மருந்தின் வேகம் இறங்கி மூக்கு அடைத்துக்கொண்டால் மேலே வருவதற்குள் காது போய்விடும். இறங்கும்போது காது வலிக்கிற வரை காத்திருக்காதே, வலிக்கும் முன்னாலேயே மூக்கைப் பிடித்து மெல்ல ஊது, திறக்கவில்லை என்றால் கொஞ்சம் மேலே வா, கௌரவம் பார்க்காதே. தண்ணீர் நிறையக் குடி, சுற்றிலும் தண்ணீர் என்பதால் குடிக்கத் தோன்றாதாம், அதுவும் உனக்குச் சின்ன வயதிலிருந்தே டம்ளரை எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. முந்தின ராத்திரி பீர் வேண்டாம். குடிப்பாயா என்று நான் கேட்கவில்லை, வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். சந்தியாவந்தனத்தில் மூச்சை அடக்கச் சொல்லிக் கொடுத்தேனே, அதை அங்கே கொண்டு போகாதே. மூச்ச மட்டும் அடக்கக் கூடாதுன்னு சொல்லுங்க சார், மேல வரையில அடக்குனா நெஞ்சுக்குள்ள காத்து ஊதிப் பெருத்துரும்லா என்றார் தேவசகாயம். காற்று மீட்டரைக் கடிகாரம் பார்க்கிற மாதிரி அடிக்கடி பார், முடியப்போகும் வரை காத்திருக்காதே.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. மேலே வரும்போது உன் மூச்சுக் குமிழிகளை விட மெதுவாக வா, மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே, அங்கே நில். அங்கே நிற்கிற அந்த மூன்று நிமிஷம் உனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. மேலே என்ன செய்தி காத்திருக்கிறதோ என்று மனசு அடித்துக்கொள்ளும். எனக்கும் இங்கே போன் மணி அடித்தால் நெஞ்சு ஒரு தடவை நின்றுதான் ஓடுகிறது, அடைப்பினால் இல்லை. ஆனால் யோசித்துப் பார் ஹர்ஷா, நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, நீ மூன்று நிமிஷம் முன்னால் வந்ததால் அது மாறப் போகிறதா. அம்மா விழுந்தது நீ கீழே இருந்ததால் இல்லை. நான் அடுப்படிக்கு எட்டடி தள்ளி ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், என்னாலேயே அவளைப் பிடிக்க முடியவில்லை.

பயமுறுத்தி உன்னைக் கரையில் உட்கார வைக்க இதை எழுதவில்லை. நீ போக வேண்டும், முன்னைப் போல ஆசையோடு போக வேண்டும். அம்மாவுக்கு நீ கடலுக்குள் போவது பிடிக்காது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம், பிடிக்காதுதான், ஒருவர் ஊருக்குக் கிளம்பினால் வீட்டில் தலைக்குக் குளிக்கக் கூடாது என்று சாஸ்திரம் பார்க்கிற மாதிரி நீ தண்ணீரில் இறங்குகிற நாளெல்லாம் அவள் தலைக்குக் குளிக்க மாட்டாள், வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் சரி, கரையேறிட்டேன் என்று உன் போன் வந்த பிறகுதான் சீயக்காய்ப் பொடியை எடுப்பாள். ஆனால் நீ சொல்கிற கதைகளை மாடி வீட்டு மாமி லலிதாம்பாளிடம் போய் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிவிட்டு வருவாள். மீன் தூங்குமா, தூங்கினால் கண்ணை மூடுமா என்று உன்னைக் கேட்டாளே, ஒரு மீன் தன்னைச் சுற்றிச் சளி மாதிரி ஒரு கொசுவலை கட்டிக்கொண்டு தூங்கும் என்று நீ எழுதியிருந்தாய், அதை என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். நல்லாத் தூங்கட்டும் என்றாள். தேவசகாயம் சொல்கிறார், புதுசாகப் போகிறவர்கள் அங்கேயும் இங்கேயும் துழாவிக்கொண்டு ஒன்றையும் பார்க்காமல் வருவார்களாம், ஒரே பாறை பக்கத்தில் எதையும் தொடாமல் சும்மா மிதந்துகொண்டு மெதுவாக மூச்சு விட்டால் காற்றும் நிறைய நேரம் வரும், ஒளிந்துகொண்டிருந்ததெல்லாம் தானாக வெளியே வருமாம். கேமராவை ஒரு நாளாவது படகிலேயே வைத்துவிட்டுப் போ. எனக்குச் சொல்ல ஏதாவது பார்த்துக்கொண்டு வா, இப்போது மாமியிடம் போய்ச் சொல்கிற வேலை என்னுடையது.

இப்போது நான் உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். வருஷாப்தீகத்துக்கு நீ வருகிறாய், கடல் லீவுக்கும் அதற்கும் நடுவில் வேண்டிய நாள் இருக்கிறது, அதில் கவலை இல்லை. அதற்கப்புறம் எனக்கு ஆபரேஷன். டாக்டர் நல்லவர், நான் பிழைத்து வந்து ஸ்ரேயாவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அப்படி இல்லாமல் போனால், அன்றைக்கோ பத்து வருஷம் கழித்தோ, நீ தண்ணீரிலிருந்து வெளியே வந்த அன்று அந்தப் போன் வந்தால், நீ ஏறக் கூடாது. ஒரு நாள் முழுக்கக் கரையில் இருக்க வேண்டும். இதற்காக நான் இங்கே எல்லாம் பேசி வைத்துவிட்டேன். நீ வர முடியாவிட்டால் சுஷ்மா கொள்ளி வைப்பாள், அவளிடம் சொன்னேன், அழுதுவிட்டுச் சரி என்றாள். வாத்தியார், பெண்ணா என்று இழுத்தார், மாப்பிள்ளை செய்யலாமே என்றார். நான் அவரிடம், ஓய், என் பெண் எனக்குச் செய்வதில் உமக்கு ஆட்சேபம் இருந்தால் மந்திரத்தை மட்டும் சொல்லும் என்று சொல்லிவிட்டேன். சீனு மாமாவுக்கும் போன் செய்து இதே வார்த்தையில் சொல்லியாகிவிட்டது. அவரும், அவனை ஒண்ணும் சொல்ல மாட்டேன் அத்திம்பேர் என்றார். ஐஸ் பெட்டி வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று கேட்பாய். போன தடவை நீ அந்த ஏர்போர்ட் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாய் என்று ப்ரியா சொன்னாள். அப்படிச் செய்யாதே. அறைக்குப் போ, குளி, ப்ரியாவை வரச் சொல், ஏதாவது சாப்பிடு, அழுகை வந்தால் அழு. நான் ஏதோ கோபத்தில் போய்விட்டதாக நினைக்காதே. மனுஷன் செத்த பிறகு பிள்ளை கொள்ளி வைத்தால்தான் நல்ல கதி என்று என் அப்பா நம்பினார், நானும் பாதி நம்புகிறேன். ஆனால் நீ நல்லபடியாக வந்து சேர்ந்தாய் என்பதை விட எனக்கு வேறு நல்ல கதி தெரியவில்லை.

உனக்கும் ப்ரியாவுக்கும் என் ஆசீர்வாதம், அம்மா சார்பிலும் நானே சொல்கிறேன், தீர்க்காயுசாக இருங்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் எழுத வேண்டாம், போன் செய்து ஒரே ஒரு வார்த்தை சொல், நிற்பேன் என்று. நடுவில் குறுக்கிட மாட்டேன், கேட்டுக்கொள்கிறேன். எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், நீ மட்டும் அந்த ஒரு நாள் காத்திரு.

உன் அன்புள்ள அப்பா,
வைத்தியநாதன்